கறுப்புக் கோட்டையும் அக்கா மகனும்

"ஆமா, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நிறுத்தினா அவ்வளவுதான், மறுபடி எழுந்திருக்காது. நீ பெட்டியோட வந்துடு மெய்ராம். பெரிய பெட்டிதானே? சரி, சரி. மாமா காதுல விழ வேணாம்."

சமையலறையில் ரவ்ஷான் தொலைபேசியை வைத்தாள். மாமா காதில் அவ்வளவும் விழுந்துவிட்டது.

அவள் கணவர் கென்ஜெபை கூடத்தில் கணினியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய தொள்ளாயிரம் வில்லாளிகள் கறுப்புக் கோட்டையின் வாசலில் நின்றார்கள். அவர்களும் அசையவில்லை.

"யாரு போன்ல?" என்று கேட்டார்.

"உன் அக்கா மகன். மத்தியானம் வர்றான். நான் கறி வாங்கப் போறேன்" என்றாள் ரவ்ஷான். காலணியை மாட்டிக்கொண்டு போயே விட்டாள்.

அந்த ஊர் வழக்கத்தில் அக்கா மகன் என்றால் சும்மா இல்லை. தாயின் பிறந்த வீட்டில் அவன் தன் ஆயுளில் மூன்று முறை "இது எனக்கு வேணும்" என்று கேட்கலாம். தாய்மாமன் மறுக்கக் கூடாது. மறுத்தால் என்ன ஆகும்? அக்கா மகனை அடித்தால் மாமன் கை ஆயுளுக்கும் நடுங்கும் என்பார்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஆள் கிடையாது. யாரும் மறுத்துப் பார்த்ததில்லை.

மெய்ராம் ஏழு வயதில் முதலாவதைக் கேட்டான். கென்ஜெபையின் புள்ளிக் குதிரைக்குட்டி போயிற்று. கல்யாணத்தின்போது இரண்டாவதைக் கேட்டான். ஜெர்மன் அக்கார்டியன் வாத்தியம் போயிற்று. மூன்றாவது பாக்கி. அவனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக அவன் மூன்றாவதைக் கேட்கவே இல்லை.

கேட்கிறவனைக்கூட நம்பலாம், கேட்காமல் இருக்கிறவனை நம்பக் கூடாது என்பது கென்ஜெபையின் கணக்கு. மெய்ராம் வருகிறான் என்றால் காரைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் நிறுத்துவார். வேட்டைத் துப்பாக்கி கட்டிலுக்கடியில் போகும். நரித்தோல் தொப்பி மாவு மூட்டைக்குள் போகும். ஒரு முறை ஒளித்த இடம் மறந்து, பனிக்காலம் முழுக்கத் தொப்பியில்லாமல் திரிந்து, காது வீங்கினார். மெய்ராம் தேநீர் குடிப்பான், சிரிப்பான், ஒன்றும் கேட்காமல் போவான். இவருக்கு அன்றிரவு காய்ச்சலே வரும்.

இப்போது தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாய் அவன் மூன்றாவதைப் பொத்திவைத்திருந்தது கணினிக்காக.

அதைப் பார்த்தால் யாருக்கும் குப்பை என்றுதான் தோன்றும். சுரங்கம் மூடியபோது, லிஃப்ட் ஓட்டிய கென்ஜெபைக்குப் பதக்கம் தருவதாகச் சொல்லிவிட்டு ஆபீஸ் கணினியைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏழு கோட்டை, ஒவ்வொன்றாய்ப் பிடிக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வாரம் ஓடும், வாரம் பிறந்தால் கோட்டைகளில் ஆள் சேரும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவரும் ஆடலாம். கென்ஜெபை எட்டாவதோடு நிறுத்தியவர்.

விளையாட்டுக் குறுந்தட்டைச் சந்தையில் வாங்கி வந்ததே மெய்ராம்தான். திருட்டுத் தட்டு. ராணி, பூதம், பேசும் மரம் எல்லாருக்கும் ருஷ்ய மொழியில் ஒரே ஆள் குரல் கொடுத்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம் வேறு. அந்தக் காலத்தில் மாமனும் மருமானும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடுவார்கள். ஏழாவதான கறுப்புக் கோட்டையை இரண்டு பேருமே பிடித்ததில்லை.

இந்த முறை பிடித்துவிடலாம். ஆறு கோட்டை கையில். ஆனால் கணினிக்கு வயதாகிவிட்டது. "சேமி" என்று அழுத்தினால் முக்கி முனகி அப்படியே செத்துப்போகும். அதனால் அக்டோபரில் ஆரம்பித்த போரை அணைக்கவே இல்லை. இப்போது மார்ச். ஐந்து மாதமாகக் கணினி ஓடுகிறது. பழைய கட்டடம், பழைய வயர்கள், பளு கூடினால் ஃபியூஸ் போய்விடும். தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் மின்சார சமோவாரைத் தொடக் கூடாது என்று கென்ஜெபை உத்தரவு போட்டிருந்தார். ரவ்ஷான் திட்டிக்கொண்டே அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்தாள்.

அதிலேயும் அவருக்கு ஒரு பெருமை. ரவ்ஷான் சாமானியப்பட்டவள் இல்லை. பக்கவண்டி வைத்த அவருடைய மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டாள். புறாக்களைக் கூண்டோடு விற்றாள். சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை மணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாள். கணினியை மட்டும் தொடவில்லை.

"அதைத் தொட்டா நான் யாருன்னு அவளுக்குத் தெரியும்" என்று எதிர் வீட்டு ஆர்தூரிடம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கென்ஜெபை கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். மத்தியானத்துக்குள் கறுப்புக் கோட்டையைப் பிடித்துவிட்டால் பிறகு மெய்ராம் கணினியை என்ன, மேசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் டிராகன்கள் வர இன்னும் நான்கு வாரம் வேண்டும். டிராகன் இல்லாமல், அந்தக் கோட்டையை ஆளும் செத்தவர்களின் ராஜாவை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வாரத்துக்கு ஒரு முறை எதிரி யோசிப்பான். இந்தக் கணினியில் எதிரி யோசிக்க அரைமணி நேரம் ஆகும்.

அவர் ஒரு வாரத்தை அழுத்தினார். திரையில் மணல் கடிகாரம் வந்தது. பத்தே முக்காலுக்குப் போயிற்று.

இன்னொன்று. பதினொன்றே கால்.

"இது ஆகாது" என்று எழுந்தார். ஒளித்துவைக்க வேண்டியதுதான்.

அணைக்காமல் ஒளித்துவைக்க வேண்டும். படுக்கையறையில் பெரிய அலமாரி இருந்தது. கென்ஜெபை நீள வயர்ப் பலகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைக் கைக்குழந்தையைப்போலத் தூக்கி, மெல்ல மெல்ல நடந்தார். உள்ளே ஏதோ கரகரத்தது. அவரும் நின்றார், அதுவும் நின்றது. பிறகு இரண்டு பேரும் நடந்தார்கள். ஆட்டுத்தோல் கோட்டுகளுக்கு நடுவில் பெட்டியை இறக்கி, பருத்த திரையைப் பக்கத்தில் வைத்து மாட்டினார். மூன்றாவது வாரத்தை அழுத்திவிட்டு அலமாரிக் கதவை மூடினார். வயரைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளினார்.

கூடத்துக்கு வந்து பார்த்தார். காலி மேசை. நடுவில் ஒரு சதுரம் தவிர மற்ற இடமெல்லாம் தூசி. அந்தச் சதுரம், கணினி இங்கேதான் இருந்தது என்று கத்தியது.

வெறும் சதுரம் உதவாது. தூண்டில் வேண்டும். விளையாட்டிலும் அப்படித்தான், ஒரு கோட்டையில் தங்கத்தைக் குவித்துக் கதவைத் திறந்து வைத்தால் எதிரி அங்கேதான் போவான்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆர்தூர் ஒரு ஜெர்மன்காரர். சொந்தக்காரர்கள் எல்லாம் ஜெர்மனிக்குப் போன பிறகும், ஏரியில் மீன் பிடிக்க ஆள் இருக்காது என்று தங்கிவிட்டவர்.

"உன் புது டிவியைக் கொடு. சாயங்காலம் தந்துடறேன்."

"எதுக்கு?"

"மருமான் வர்றான். அவன் கண்ணு டிவி மேல விழணும்."

ஆர்தூர் அறுபது வருடமாக இந்த ஊரில் வாழ்கிறவர். புரிந்துகொள்ள ஒரு நொடிதான் ஆயிற்று. "கேட்டுட்டான்னா?"

"கேட்டா உனக்கு வேற வாங்கித் தர்றேன்."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி என் துளை போடுற மிஷினை வாங்கிட்டுப் போன. இன்னும் வரல."

"இதுவும் அதுவும் ஒண்ணா?"

"டிவி வரலாம். ஆனா டிவி இருக்கிற இடத்துல நானும் இருப்பேன்" என்றார் ஆர்தூர்.

அப்படியே ஆயிற்று. டிவி மேசையில் உட்கார்ந்தது. ஆர்தூர் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரவ்ஷான் கறியோடு திரும்பினாள். மேசையைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், ஆர்தூரைப் பார்த்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் மெய்ராம் வரும் நாட்களில் ஒன்றும் கேட்கக் கூடாது என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். சமையலறைக்குப் போய் எண்ணெயைக் காயவைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியாகக் கென்ஜெபை பார்த்தார். பனி உருகிச் சேறான முற்றத்தில் மெய்ராமின் வண்டி வந்து நின்றது. அவன் பின்கதவைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினான். பெரிய பெட்டி. கணினி கச்சிதமாய் அடங்கும். அதன்மேல் ஒரு கயிற்றுச் சுருள் வேறு.

"கயிறோட வந்திருக்கான்" என்று முணுமுணுத்தார்.

மெய்ராம் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தான். ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவன். தொப்பை, சிரித்த முகம்.

"மாமா! நல்லா இருக்கீங்களா? உடம்பு, கால், கன்னுக்குட்டி எல்லாம்?" மூன்றாம் மாடியில் கன்றுக்குட்டி ஏது, அங்கே நலம் விசாரிப்பது அப்படித்தான்.

"எல்லாம் இருக்கு. உன் வீட்டுல? பெட்டியில என்ன மாப்பிள்ளை?"

"அதுவா? அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மெய்ராம் சமையலறைப் பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கென்ஜெபை அதைப் பார்த்துவிட்டார்.

தரையில் விரிப்பு போட்டு, பொரித்த மாவுருண்டைகளைக் குவித்தார்கள். குதிரை இறைச்சித் துண்டுகள் வந்தன. எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆர்தூர் மட்டும் டிவியை விட்டு இறங்கி வரவில்லை. அவருக்குத் தட்டு மேலே போயிற்று.

"பாத்தியா மாப்பிள்ளை?" என்று ஆரம்பித்தார் கென்ஜெபை. "புது டிவி. எவ்வளவு பெருசு! உங்க வீட்டுச் சுவருக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்."

"நல்லாயிருக்கு மாமா."

"பிடிச்சிருக்கா? வாயைத் திறந்து சொல்லு. மாமன் வீட்டுல என்ன வெக்கம்?"

ஆர்தூருக்குப் புரையேறியது. "இதுல நடுவுல கோடு விழும்" என்றார். "மனுசங்க எல்லாம் பச்சையாத் தெரிவாங்க. செய்தி வாசிக்கிற பொண்ணு செத்து நாலு நாள் ஆன மாதிரி இருப்பா."

"கோடெல்லாம் இல்ல!"

"இருக்கு கென்ஜெ! எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மெய்ராம் அப்பாவியாய்க் கேட்டான்.

அந்த நேரத்தில் படுக்கையறையிலிருந்து மூக்கடைத்த குரல் ஒன்று தெளிவாய்ச் சொல்லிற்று: "மன்னா! எதிரிப் படை நமது எல்லையைத் தாண்டிவிட்டது!"

விரிப்பில் எல்லாக் கைகளும் நின்றன.

"டிவி" என்றார் கென்ஜெபை.

"அது அணைஞ்சிருக்கே மாமா."

"அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் பேசும். புது மாடல்."

"அப்படியெல்லாம் பேசாது!" என்று ஆர்தூர் சீறினார். "தங்கமான டிவி இது!"

கென்ஜெபை பாய்ந்து போய் டிவியைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருப்பினார். யாரோ குழுவாய்ப் பாடினார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, கழிப்பறைப் பக்கம் இரண்டு அடி வைத்து, சட்டென்று படுக்கையறைக்குள் நுழைந்தார்.

அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார். கதவை உள்ளிருந்து இழுத்துக்கொண்டார். ஆட்டுத்தோல் சூட்டில் கணினி முனகியது. அந்துருண்டை வாசம் கண்ணைக் கரித்தது. எல்லையைத் தாண்டிய படையை மூன்றே நிமிடத்தில் நசுக்கிவிட்டு அடுத்த வாரத்தை அழுத்தினார். மணல் கடிகாரம் வந்தது. இந்த ஒரு வாரம்தான். அது பிறந்தால் டிராகன்.

வெளியே வந்தபோது ரவ்ஷான் கையில் கிண்ணத்தோடு நின்றாள். உருக்கிய செம்மறியாட்டு வால் கொழுப்பு. சூடாக.

"குடி கிழவா. வயித்துக்கு இதைவிட மருந்து கிடையாது."

"சரியாப் போச்சு."

"மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு. சரியாப் போச்சாம். குடி!"

மருமான் பார்க்கிறான். ஆர்தூர் பார்க்கிறார். கென்ஜெபை குடித்தார். உண்மையாகவே வயிறு புரண்டது. ரவ்ஷான் காலிக் கிண்ணத்தோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

தேநீர் இரண்டு சுற்று முடிந்ததும் மெய்ராம் கிண்ணத்தைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான். முகம் கொஞ்சம் மாறியது. வந்துவிட்டது, என்று கென்ஜெபை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமா, வந்ததிலிருந்து கேக்கணும்னு நினைச்சேன். உங்க கம்ப்யூட்டர் எங்க?"

"வித்துட்டேன்."

வாயிலிருந்து அது தானாகவே வந்துவிட்டது. சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"வித்துட்டீங்களா?" மெய்ராமின் முகம் தொங்கிப்போயிற்று. "எப்போ?"

"இப்பதான். காலைல. ஒருத்தன் வந்தான், கொடுத்துட்டேன்."

ரவ்ஷான் வாசலில் வந்து நின்றாள். "வித்துட்டியா? யாரைக் கேட்டு வித்த?"

கென்ஜெபைக்கு ஆச்சரியம். இருபது வருடமாக அந்தக் கணினியைச் சவப்பெட்டி என்று ஏசியவள் இவள். "என் கம்ப்யூட்டர். நான் யாரைக் கேக்கணும்?"

ரவ்ஷான் மெய்ராமைப் பார்த்தாள். மெய்ராம் ரவ்ஷானைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி ஏமாற்றம். கொள்ளை கைநழுவிப் போன திருடர்கள் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து, கென்ஜெபை ஒரு மாவுருண்டையை எடுத்து நிதானமாய்க் கடித்தார். அன்று காலையிலிருந்து அவர் விட்ட முதல் நிம்மதியான மூச்சு அதுதான்.

"போனது போகட்டும்" என்று ரவ்ஷான் பெருமூச்சு விட்டாள். "அஞ்சு மாசமா அடுப்புல தண்ணி வச்சு வச்சு என் இடுப்பு போச்சு. இனிமேலாவது மனுசங்க மாதிரி டீ குடிப்போம்."

சமையலறை அலமாரியின் உச்சியிலிருந்து மின்சார சமோவாரை இறக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தூசியை ஊதினாள். தண்ணீர் ஊற்றினாள்.

கென்ஜெபையின் வாயில் மாவுருண்டை அப்படியே நின்றது. "வேணாம்!"

"ஏன் வேணாம்?"

"அது... சமோவார் டீ எனக்கு ஆகாது."

"முப்பது வருஷமா ஒத்துக்கிச்சு. இப்ப ஆகாதா? மெய்ராம், அந்தச் செருகியை மாட்டு."

மெய்ராம் மாட்டினான். சமோவார் உறுமத் தொடங்கியது. டிவி பாடியது. கூடத்து விளக்கு லேசாக மங்கி, மறுபடி பளிச்சென்றது. கென்ஜெபை சுவரில் இருந்த ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கணினி மெய்ராமுக்கு. சொல்லாவிட்டால் ஃபியூஸுக்கு.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அதற்குள் ஜெயித்துவிட வேண்டும்.

"வயிறு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

"இன்னும் ஒரு கிண்ணம் கொண்டு வரட்டுமா?" என்று ரவ்ஷான் பின்னாலிருந்து கேட்டாள்.

அலமாரிக்குள் வாரம் பிறந்திருந்தது. டிராகன்கள் பதினான்கு. சிவப்பு. எல்லாவற்றையும் கறுப்புக் கோட்டையின்மேல் ஏவினார். கதவு எரிந்தது. எலும்பு வீரர்கள் வரிசை வரிசையாய்ச் சரிந்தார்கள். வெளியே சமோவார் சீட்டியடிக்க ஆரம்பித்தது. கென்ஜெபையின் கை நடுங்கியது. மருமானை மனதுக்குள் திட்டியதற்கே இப்படி என்று நினைத்துக்கொண்டு கையை மாற்றினார். ராஜாவிடம் மூன்று பிசாசுகள் மிச்சம். இரண்டு. ஒன்று. டிராகன் ஒன்று கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது.

"மன்னா!" என்றது மூக்கடைத்த குரல். "வெற்..."

டப்.

பாட்டு நின்றது. சீட்டி நின்றது. ஐந்து மாதமாக அந்த வீட்டில் ஒரு நிமிடமும் ஓயாத முனகல் நின்றது. அலமாரிக்குள் கென்ஜெபையும் அந்துருண்டையும் மட்டும் இருந்தார்கள்.

"என் டிவி!" என்று ஆர்தூர் அலறினார்.

படுக்கையறைக் கதவைத் திறந்து மூவரும் எட்டிப் பார்த்தபோது அலமாரி மெதுவாய்த் திறந்தது. ஒரு கோட்டின் கை தோளில் தொங்க, தலைமுடி குத்திட்டு நிற்க, கென்ஜெபை வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கணினி தெரிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"எடுத்துக்கோ!" என்று கத்தினார். "இருபத்திரண்டு வருஷமாக் காத்திருந்தியே, எடுத்துக்கோ! பெட்டியோட வந்தே, கயிறோட வந்தே! உள்ள இருந்த ராஜ்ஜியம் செத்துப்போச்சு, பிணத்தைத் தூக்கிட்டுப் போ!"

மெய்ராம் கூடத்துக்குப் போய் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து கட்டிலில் வைத்துப் பிரித்தான். உள்ளே இரும்புக்கட்டிபோல ஒரு யூ.பி.எஸ். புதிது.

"கரண்ட் போனாலும் ஒரு மணி நேரம் தாங்கும் மாமா" என்றான். "ஃபியூஸ் பெட்டி சூடாகுது, ஒரு நாள் போச்சுன்னா மாமா கதி என்னாகுமோன்னு அத்தை போன்ல அழுதாங்க. கயிறு, வயரை எல்லாம் சேர்த்துக் கட்ட. உங்ககிட்ட முன்னாலயே சொன்னா, எதுக்குத் தர்றான்னு சந்தேகப்பட்டு வேணாம்பீங்கன்னுதான் மறைச்சோம்."

கென்ஜெபை யூ.பி.எஸ்ஸைத் தொட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அடியில் திருப்பிப் பார்த்தார்.

"சும்மா தர்றியா?"

"சும்மாதான்."

"இதைக் கொடுத்துட்டு மூணாவதா என்ன கேக்கப் போற?"

மெய்ராம் பின்கழுத்தைச் சொறிந்தான். "எனக்கு மூணாவது இல்ல மாமா. அது முடிஞ்சு போச்சு."

"யார்கிட்ட கதை விடற? குதிரைக்குட்டி ஒண்ணு. அக்கார்டியன் ரெண்டு. மூணாவதை நீ எப்ப கேட்ட, நான் எப்ப கொடுத்தேன்?"

மெய்ராம் அத்தையைப் பார்த்தான். ரவ்ஷான் கோட்டின் கையைக் கணவர் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"உன் புறாவை வித்த வருஷம், இந்தச் சவப்பெட்டியையும் குப்பைக்குத் தூக்கிட்டுக் கீழ இறங்கினேன் கிழவா. ரெண்டாவது மாடிப் படியில இவன் குறுக்க வந்து நின்னுக்கிட்டு, 'அத்தை, என் மூணாவதைக் கேக்கறேன், இதை மாமாகிட்டயே விட்டுடுங்க'ன்னுட்டான்."